காஞ்சிருச்சாம்மா?

இலக்கியா தன் மார்பை இன்னும் பார்க்கவில்லை. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து, அம்மா கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் அவள் கூரைத் தகரத்தில் வரிசையாக அடித்திருந்த ஆணிகளைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். துணி தோலை விட்டுப் பிரியும் மெல்லிய சத்தம் கேட்கும். அதன் பிறகு அம்மா மூச்சைப் பிடித்துக்கொள்வாள். அந்த மூச்சு எப்படி வெளியே வருகிறது என்பதை வைத்துத்தான் தன் உடம்பு எப்படி இருக்கிறது என்று அவள் தெரிந்துகொண்டாள்.

"காஞ்சிருச்சாம்மா?"

"வலது பக்கம் நல்லாக் காஞ்சிருச்சு கண்ணு. கோடு போட்டாப்புல இருக்குது."

"இடது?"

மூச்சு கொஞ்சம் தாமதமாக வந்தது.

"அதும் காஞ்சிரும்."

மலைமேல் மஞ்சக்குட்டைக்குப் போகும் சாலையிலிருந்து இறங்கும் மண்பாதையின் முடிவில் இருந்தது அவர்களுடைய எஸ்டேட் லைன் வீடு. ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட எட்டு வீடுகள். எதிரே காபி காயவைக்கும் சிமெண்டுக் களம். பின்னால் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் யந்திரமும், உரித்த தோல் போய் விழும் குழியும். மார்கழியில் பழம் வந்து குவிய ஆரம்பித்தால், குழி புளித்து நுரைத்து, அந்த வாடை வீட்டுக்குள் வந்து துணியிலும் தலைமுடியிலும் சோற்றிலும் உட்கார்ந்துகொள்ளும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். லைன்காரர்களுக்கு அப்படி ஒரு வாடை இருப்பதே தெரியாது.

ஆபரேஷன் அவளாக எடுத்த முதல் முடிவு. பதினாலு வயதிலிருந்து அவள் குனிந்தே நடந்திருந்தாள். தோளில் பிரா பட்டை அழுத்தி அழுத்தி விரல் வைக்கும்படி பள்ளம் விழுந்திருந்தது. மழைக்காலம் வந்தால் மார்பு மடியும் இடத்தில் தோல் வெந்து எரியும். ஏரிக்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் வரவேற்பு மேஜையில் வேலை. அறை கேட்டு வருகிறவர்கள் முதலில் அங்கே பார்த்துவிட்டுத்தான் அவள் முகத்தைப் பார்த்தார்கள். கழுத்து வலிக்கு மாத்திரை வாங்கப் போன இடத்தில் ஒரு டாக்டர் சொன்னார், பாரத்தைக் குறைக்க ஆபரேஷன் இருக்கிறது என்று. ஆசைக்காக இல்லை, வலிக்காகச் செய்வது என்று. அந்த ராத்திரி அவளுக்குத் தூக்கம் வரவில்லை. தான் நிமிர்ந்து நடந்தால் எவ்வளவு உயரம் இருப்போம் என்று நினைத்துக்கொண்டே கிடந்தாள்.

அம்மா கிருஷ்ணம்மாள் ஒத்துக்கொள்ள நாளாயிற்று. "புள்ளைக்குப் பால் குடுக்கற எடம். அதப் போய் வெட்டிக்கறேங்கற" என்று முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே திட்டினாள். பிறகு ஒருநாள் மகள் தோளில் இருந்த பள்ளத்துக்கு எண்ணெய் தேய்க்கும்போது, விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, "சரி, போலாம்" என்றாள்.

ஆனால் வெளியில் என்ன சொல்வது? எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ராமசாமி, எதற்காக லீவு என்று கேட்டபோது அம்மா வெட்கப்பட்டு, "புள்ளைக்கு நெஞ்சுல ஆபரேசனுங்க" என்று சொல்லிவிட்டாள். ரைட்டர் எழுந்து நின்றுவிட்டாராம். அன்று சாயங்காலத்துக்குள் லைன் முழுக்க இலக்கியாவுக்கு இருதய ஆபரேஷன் ஆகிவிட்டது.

பக்கத்து வீட்டுச் செல்வி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"உள்ளாற வயர் வெச்சுருக்காங்களாமா கண்ணு?"

"அதெல்லாம் இல்லீங்கக்கா."

"இல்ல, எங்க சித்தப்பனுக்கு வெச்சாங்க. அவரு கிட்டப் போனா ரேடியோ கொரகொரங்கும். நாம் போனை வெளிய வெச்சுட்டுத்தான் வந்தேன், எதுக்கு வம்புன்னு."

இலக்கியா சிரித்தாள். சிரித்தபோது இடது பக்கம் கீழே ஏதோ ஒரு நூல் இழுத்தது. சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை எழுந்தபோது நைட்டியில் அந்த இடத்தில் ஈரம். மஞ்சளாக, விளிம்பில் லேசான சிவப்போடு. அம்மா கட்டைப் பிரித்தாள். மூச்சு வெளியே வரவேயில்லை.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல கண்ணு. தையலு ஒரு முக்குல வாயத் தொறந்துருக்குது."

வாய் என்று அம்மா சொன்னது அவள் மனதில் தங்கிவிட்டது. தன் உடம்பில் தனக்குத் தெரியாத ஒரு வாய். அது என்ன சொல்லுமோ.

இருவரும் பஸ் பிடித்துச் சேலம் போனார்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் இளவரசி பார்த்துவிட்டுப் பதறவில்லை.

"குறுக்க போற தையலும் மேல இருந்து இறங்கற தையலும் வந்து கூடற முக்கு இது. நம்ம மூணுரோடு மாதிரி. இழுவை எல்லாம் இங்கதான் வந்து முட்டும். நெறையப் பேருக்கு இந்த எடத்துல கொஞ்சம் விடும். அதுவா உள்ளேருந்து வளந்து மூடிக்கும்." பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்: "சலைன் தண்ணியில துணிய நனைச்சு, புழிஞ்சு, அந்த எடத்துல வெச்சு மேல கட்டுங்க. ஈரப்பதமாவே இருக்கணும். அடுத்த வாரம் வந்து காட்டிருங்க."

"காம்புக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?" இலக்கியா கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். ஆபரேஷனுக்கு முன்பே டாக்டர் அதைச் சொல்லியிருந்தாள்: எப்போதாவது, யாருக்காவது, ரத்த ஓட்டம் குறைந்து காம்பு போய்விடக்கூடும். தலையாட்டிக் கையெழுத்துப் போட்டபோது அந்த யாரோ ஒருத்தி எங்கோ தூரத்தில் இருக்கிறாள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இப்போது அந்த ஒருத்தி தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மலையேறி வருவதுபோல் இருந்தது.

"இப்போதைக்கு நல்லா இருக்குது. புண்ணுல கிருமி ஏறாமப் பாத்துக்கிட்டா ஒண்ணும் ஆகாது" என்றாள் டாக்டர்.

திரும்பி வரும் பஸ்ஸில் கொண்டையூசி வளைவுகள் தொடங்கின. அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "ஈரத்த வெச்சுக் கட்டச் சொல்றாங்க" என்றாள்.

"ஆமாம்மா."

"ஈரத்த வெச்சு மூடுனா அழுகாம என்ன பண்ணும்?"

"டாக்டரம்மா படிச்சவங்கம்மா."

"படிச்சவங்கதான். ஆனா மழைநாள்ல காபி மூட்டை கட்டிப் பாத்துருக்க மாட்டாங்க."

இலக்கியாவுக்கும் உள்ளூர அப்படித்தான் தோன்றியது. களத்தைப் பார்த்தே வளர்ந்தவள் அவள். பனி இறங்கினால் பாயையும் படுதாவையும் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஒரு ராத்திரி ஈரம் பட்டால் ஒரு வருஷத்துப் பாடு பூஞ்சை பிடித்துப் போகும். லைனில் புண் ஆறிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. காஞ்சிருச்சு என்பார்கள். அவளுக்குத் தெரிந்த பாஷையில் நல்லது எல்லாமே காய்ந்ததாக இருந்தது.

அன்று சோறு தின்னும்போது அப்பா மாரிசாமி களத்திலிருந்து எடுத்துவந்த காபிக் கொட்டைகளை மூடிய கைக்குள் குலுக்கி, காய்ந்த சத்தம் வருகிறதா என்று காதில் வைத்துப் பார்த்தார். மகளுக்கு என்ன ஆபரேஷன் என்று அவருக்குத் தெரியும். தெரியாததுபோல் இருந்தார். நலம் கேட்பதென்றால் கட்டில் இருக்கும் பக்கம் திரும்பாமல், "சாப்புட்டியா சாமி" என்று மட்டும் கேட்பார்.

"இன்னும் பச்ச. சத்தமே வரல" என்றார் கொட்டையைக் கீழே போட்டுவிட்டு. "மேல காஞ்சாப்புலத் தெரியும். உள்ளாற ஈரத்த வெச்சுட்டு மூடுனா வெந்து போயிரும்."

அம்மா மகளைப் பார்த்தாள். மகள் அம்மாவைப் பார்த்தாள். அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

சலைன் பாட்டில் அலமாரியில் போய் உட்கார்ந்தது. ஸ்டோர் கட்டடத்துக்குப் பின்னால், களத்தின் கோடியில், அம்மா இரண்டு பழைய சேலைகளைக் கட்டி ஒரு மறைப்புச் செய்தாள். பனி விலகி வெயில் வரும் நேரத்தில் இலக்கியா அங்கே பாயில் படுத்து, நைட்டியைத் தளர்த்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டாள். சேலைக்கு அந்தப் பக்கம் பெண்கள் மரப்பலகையால் காபியைக் கிளறும் சத்தம் வந்துகொண்டேயிருக்கும். சரக், சரக். கண்ணயர்ந்தால் ஒரே கனவு. அவள் களத்தில் பரப்பிக் கிடக்கிறாள். கையோ காலோ இல்லை, பரப்பி மட்டும் கிடக்கிறாள். யாரோ முகம் தெரியாதவர்கள் அவளை ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கத்துக்குக் கிளறிவிட்டு, ஒரு பிடி அள்ளிக் காதில் வைத்துக் கேட்கிறார்கள். சத்தம் வரவில்லை என்று தலையை ஆட்டுகிறார்கள்.

வெயில் இல்லாத நேரத்தில் டேபிள் ஃபேன். ஈரம் கசிந்தால் வறண்ட துணியால் ஒற்றி ஒற்றி எடுப்பது.

சில நாள் கழித்து அம்மாவின் மூச்சு முதல்முறையாக நன்றாக வந்தது.

"காஞ்சிருச்சு கண்ணு. கறுத்து இறுகிக்கிச்சு. காபிச் செர்ரி காஞ்சாப்புல இருக்குது. வாயி மூடிக்கிச்சு."

இலக்கியா அழுதுவிட்டாள். அம்மாவின் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு வெகு நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டாள். அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் செய்து ஏன் வரவில்லை என்று கேட்டபோது, அவளே சந்தோஷமாகச் சொன்னாள்: "காஞ்சிருச்சுங்க சிஸ்டர்."

"நல்லாக் காஞ்சிருச்சா? கசிவு எதும் இல்லியே?"

"இல்லீங்க. ஒரு சொட்டு இல்லீங்க."

"அப்பச் சரிம்மா. பொங்கல் கழிச்சு வந்து டாக்டரப் பாத்துருங்க."

போனை வைத்த பிறகு ஏனோ அவளுக்குக் குளிர் எடுத்தது. தை பிறக்கப்போகிற நேரம், மலையில் குளிராமல் என்ன செய்யும் என்று கம்பளியை இழுத்துக்கொண்டாள். மறுநாள் தலை பாரமாக இருந்தது. அதற்கு மறுநாள் இடது கையைத் தூக்கினால் அக்குளில் ஒரு நெறிகட்டி வலித்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அம்மா மறுபடியும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். அதுதான் காய்ந்துவிட்டதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதைச் சொல்லச் சொல்ல அந்த வார்த்தை அர்த்தம் கழன்று வெறும் சத்தமாகிக்கொண்டிருந்தது.

போகியன்று பல்பரை நிறுத்தினார்கள். பொங்கல் முடியும்வரை எஸ்டேட்டுக்கு லீவு. குழிக்குச் சுண்ணாம்பு போட்டு மண்ணைத் தள்ளி மூடினார்கள். மத்தியானத்துக்குள் காற்று திரும்பியது. லைனில் ஒவ்வொரு வீட்டிலும் பழைய பாயை எரித்த புகை, பிறகு சாணி தெளித்த மணம், பிறகு மலைக்காற்று மட்டும். வாரக்கணக்கில் இல்லாத சுத்தமான காற்று.

அவர்கள் வீட்டுக்குள் மட்டும் அந்த வாடை போகவில்லை.

கோல மாவு ஒட்டிய கையோடு செல்வி வாசலில் வந்து நின்றாள். உள்ளே ஒரு கால் வைத்தவள் நின்றுவிட்டாள்.

"ஏக்கா, உங்கூட்டுல எலி கிலி செத்துக் கெடக்குதா?"

"அதாஞ் செல்வி, நானும் காலைல இருந்து பாக்கறேன். குழிய மூடியும் நாத்தம் போவல."

இரண்டு பேரும் சேர்ந்து தேடினார்கள். அரிசி டிரம்மை நகர்த்தினார்கள். தகரப் பெட்டியை இழுத்தார்கள். அடுப்புக்குப் பின்னால் குச்சியை விட்டு ஆட்டினார்கள். "தாட்டியான எலியா இருக்கும் போல" என்றாள் செல்வி. "பொங்கலும் அதுவுமா சாவறதுக்கு வேற ஊடு கெடைக்கல பாரு அதுக்கு."

இலக்கியா கட்டிலில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அவள் பக்கம் வரவர, "இங்கதான், இங்கதான் எங்கியோ" என்றாள். கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்தாள். தூரத்தில் யாரோ மாட்டுக்கொம்புக்கு வண்ணம் அடிப்பதைப் பற்றிச் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ரொம்பத் தெளிவாகக் கேட்டது. இலக்கியா மெதுவாகக் கழுத்தைக் குனிந்தாள். நைட்டியின் கழுத்தை இரண்டு விரலால் கொஞ்சம் விலக்கி மூக்கை அதற்குள் கொண்டுபோனாள்.

இத்தனை நாளும் அது இங்கேதான் இருந்திருக்கிறது. குழியின் வாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு.

"அம்மா" என்றாள். "எலி இல்லம்மா. விடு."

அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து தலையை எடுத்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். எழுந்து பக்கத்தில் வந்தாள். குனிந்தாள். முகர்ந்தாள்.

செல்விக்குத்தான் புரியவில்லை. "ஏக்கா, நெஞ்சு ஆபரேசன்ல இப்புடி வாசம் வருமா? எங்க சித்தப்பனுக்கெல்லாம்..."

"நெஞ்சு இல்ல செல்வி" என்றாள் கிருஷ்ணம்மாள். குரல் உடையவில்லை. தட்டையாக வந்தது. "மாரு. மாரக் கொறைக்கற ஆபரேசன். கோபியக் கூப்புடு. ஜீப்பு எடுக்கச் சொல்லு."

செல்வி ஒரு வார்த்தை கேட்காமல் ஓடினாள்.

அண்ணன் கோபி சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறவன். பொங்கல் சீசனின் சவாரியைப் பாதியில் இறக்கிவிட்டு வந்தான். களத்து ஓரத்தில் அப்பா நின்றிருந்தார். அம்மா அவரைத் தாண்டும்போது, "ஏனுங்க, சேலம் போயிட்டு வர்றோம்" என்றாள்.

"என்னாச்சு?"

"உள்ளாற ஈரம் நின்னு போச்சுங்க."

அவருக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜீப்பின் கதவைத் திறந்து பிடித்தார். இலக்கியா ஏறும்வரை கையை எடுக்கவில்லை.

மலையேறி வரும் கார்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு வளைவிலும் கோபி ஒதுங்கி ஒதுங்கி நின்றான். கார் ஜன்னல்களில் குழந்தைகள் தொப்பி போட்டுக்கொண்டு கையாட்டினார்கள். ஜீப்பின் படுதாவைச் சுருட்டிவிட்டிருந்தும் வாடை உள்ளேயே சுற்றியது. கோபி மூக்கைப் பொத்தவில்லை. கண்ணாடியில் தங்கையை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஏ புள்ள, வாந்தி கீந்தி வந்தா முன்னாடியே சொல்லிரு. புதுச் சட்ட" என்றான்.

"பழசு மாதிரிதான் இருக்குது."

"அப்ப வாந்திய எடுத்துக்க."

அவள் சிரிக்கப் பார்த்தாள். பல் கிடுகிடுத்தது. உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இடது கையால் கட்டின்மேல் அழுத்திப் பிடித்திருந்தாள். கையை எடுத்தால் அந்தக் கறுத்த பொருக்கு கழன்று மடியில் விழுந்துவிடும் என்று பயம். அதோடு காம்பும் வந்துவிடும். ஜீப் திரும்பும்போதெல்லாம் கைக்கு அடியில் ஏதோ நகர்ந்தது. நகர்ந்ததா, அவள்தான் நகர்ந்தாளா? கேட்டு வாங்கினேன், அவள் நினைத்தாள். வலி வேண்டாம் என்று கேட்டேன். யாரும் தள்ளிவிடவில்லை. நாளைக்கு யாராவது, அம்மாவே கூட, வெட்டிக்கொண்டவள் என்று சொன்னால் அவள் பதிலுக்கு என்ன சொல்வாள்?

ஆஸ்பத்திரியில் டாக்டர் இளவரசி ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாள். கட்டைப் பிரித்ததும் தோளிலிருந்த பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள்.

இலக்கியா கூரையைப் பார்த்தாள். இங்கே ஆணிகள் இல்லை, வெறும் வெள்ளை.

"யாரு காய வெச்சது?"

"நாந்தானுங்க" என்றாள் அம்மா.

"ரெண்டு பேருந்தான்" என்றாள் இலக்கியா.

"போன்ல கேட்டப்போ?"

"காஞ்சிருச்சுன்னு சொன்னேங்க."

டாக்டர் நர்ஸைத் திரும்பிப் பார்த்தாள். நர்ஸ் தரையைப் பார்த்தாள். "ஆறிடுச்சுன்னு சொல்றாங்கன்னு நெனச்சேன் மேடம்" என்றாள் மெதுவாக.

யாரும் யாரையும் திட்டவில்லை. அதுதான் இலக்கியாவுக்கு அதிகப் பயமாக இருந்தது. திட்டுவதற்கு நேரம் இருந்தால் திட்டியிருப்பார்கள்.

மரத்துப்போகப் போட்ட ஊசியின் எரிச்சல் ஓரத்தில் மட்டும் தெரிந்தது. பிறகு கத்தரியின் சின்னச் சத்தம். அம்மாவை வெளியே போகச் சொன்னார்கள். அவள் போகவில்லை. "நாம் பண்ணுனது. நாம் பாக்கறேங்க" என்றாள்.

"இந்தக் கறுப்பு, ஆறுன தோல் இல்லீங்கம்மா" என்றாள் டாக்டர் கை நிற்காமல். "செத்த சதை. காய வெச்சதால மூடி மாதிரி இறுகிக்கிச்சு. அதுக்கு அடியில சீழு போக வழியில்லாம மேல ஏறிருக்கு." ஏதோ ஒன்று உலோகத் தட்டில் விழுந்தது. வாடை அறை முழுக்கத் திறந்துகொண்டது. நிறைய நேரம் கழுவினாள். தண்ணீர் இலக்கியாவின் விலாவில் வெதுவெதுப்பாக வழிந்தது.

"ஐயோ, ரத்தக் களரியா செவசெவன்னு இருக்குதுங்களே" என்றாள் அம்மா.

"அதுதாங்க உசுருள்ளது. செவப்பா, ஈரமா. அதப் பாத்துத்தான் நீங்க பயந்து காய வெச்சுட்டீங்க."

பிறகு டாக்டரின் கை நின்றது.

"இலக்கியா. கீழே முடிஞ்சுது. இப்ப காம்பைப் பாக்கணும். கறுப்பு அது ஓரம் வரைக்கும் வந்துருக்கு. அந்த எடம் இயல்பாவே கறுப்பா இருக்கறதால நெறத்த வெச்சுச் சொல்ல முடியல. ஊசியால குத்திப் பாப்பேன். செவப்பா ரத்தம் வந்தா உசுரு இருக்கு."

"வரலீன்னா?"

"மொதல்ல பாக்கலாம்."

இலக்கியா கண்களை இறுக மூடிக்கொண்டாள். குத்தும் வலிக்காகக் காத்திருந்தாள். உடம்பு முழுவதும் அந்த ஓர் இடத்துக்குப் போய்க் காத்திருந்தது. வலி வரவில்லை.

"குத்துங்க" என்றாள்.

"குத்தியாச்சும்மா."

அவளுக்குத் தெரியவேயில்லை. மரத்துப்போகச் செய்த மருந்தா, இல்லை இனி எப்போதும் தெரியாதா? அம்மாவின் மூச்சைக் கேட்கப் பார்த்தாள். அம்மா மூச்சே விடவில்லை. இந்த முறை அந்த மூச்சை வைத்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது. யாரும் அவளுக்குப் பதிலாகப் பார்த்துச் சொல்லிவிட முடியாது என்பதுபோல் அந்த அறை அமைதியாக இருந்தது.

தலையணையிலிருந்து தலையைத் தூக்கிக் கண்ணைத் திறந்தாள்.

முதலில் அது யாருடையதோ என்று இருந்தது. தான் நினைத்ததைவிடச் சிறியது. மேலே உருண்டையாக, ஒழுங்காக, அவள் கேட்டது மாதிரியே. கீழே ஒரு சிவந்த பள்ளம், உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு, விளக்கு வெளிச்சத்தில் மினுமினுத்தது. அதை வாய் என்று நினைத்திருந்தாள். அது வாய் மாதிரி இல்லை. புதிதாக உழுத நிலம் மாதிரி இருந்தது. இரண்டுக்கும் நடுவில் அந்தக் கருவட்டம். அதன் கீழ் ஓரத்தில் ஊசி குத்திய புள்ளி தெரிந்தது. அதிலிருந்து எதுவும் வரவில்லை.

டாக்டர் கொஞ்சம் தள்ளிப் பக்கவாட்டில் குத்தினாள். எல்லோரும் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, மை மாதிரிக் கறுத்த ஒரு சொட்டு, வரலாமா வேண்டாமா என்பதுபோல் எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றது. டாக்டர் ஊசியை மேல் ஓரத்துக்குக் கொண்டுபோனாள்.

குத்தினாள்.

ஒன்றும் இல்லை. இலக்கியாவின் கழுத்து நடுங்கியது. அப்போதும் தலையை இறக்கவில்லை. நிமிர்ந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புள்ளி இருந்த இடத்தில் ஏதோ மின்னியது. கடுகு அளவு. பிறகு மிளகு அளவு. அது திரண்டு, நல்ல சிவப்பாக, ஒரு கணம் தன் மேலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, உடைந்து ஓடியது.

"மேல் பக்கம் இருக்குது" என்றாள் டாக்டர். அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் குரலில் இறங்கியது. "கீழ்ப்பக்கம் போயிருச்சு இலக்கியா. அத உங்கிட்ட மறைக்க மாட்டேன். வடு விழும். நடுவுல இருக்கற எடம் இன்னைக்கு எனக்கே தெரியல. நாளைக்கு மறுக்காக் குத்திப் பாக்கணும். இங்கயே படுத்துருங்க, மருந்து ஏறட்டும்."

நாளைக்கு. இன்னொரு முறை. அந்த வார்த்தையிலும் பயம் இருந்தது. நாளைக்கும் அவள் தலையைத் தூக்க வேண்டியிருக்கும்.

சிவப்பு அவள் விலாவை நோக்கி மெல்லிய கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. கிருஷ்ணம்மாள் தன்னை அறியாமல் முந்தானையைச் சுருட்டிக்கொண்டு அதைத் துடைக்கக் குனிந்தாள்.

இலக்கியா அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடைக்காதம்மா" என்றாள். "இருக்கட்டும். நானும் பாத்துக்கறேன்."